கொம்புக்கு வைத்த நிறம்

ஜூன் மாதம் ஆறாம் வகுப்பில் புதிதாக வந்து உட்காரும் பிள்ளைகளிடம் ஒரு படம் வரையச் சொன்னால் என்ன வரும் என்பது தெரசா டீச்சருக்குத் தெரியும். இரண்டு முக்கோண மலைகள். அவற்றின் இடுக்கில் பாதிச் சூரியன், அதைச் சுற்றிக் குச்சி குச்சியாக வெயில். மலையடியிலிருந்து வளைந்து வரும் ஓர் ஆறு, கரையில் ஓட்டு வீடு, ஒரு தென்னை. வானத்தில் டிக் அடித்த மாதிரி நாலு பறவைகள்.

அந்தப் பிள்ளைகளில் ஒருவரும் அப்படி ஓர் இடத்தைப் பார்த்ததில்லை. அலங்காநல்லூரைத் தாண்டி இருக்கிறது மேலக்கண்மாய்ப்பட்டி. அங்குள்ள அரசு உயர்நிலைப் பள்ளியின் வடக்கு ஜன்னலில் நின்றால் சிறுமலை தெரியும். அது முக்கோணமாக இருக்காது. படுத்திருக்கும் மாட்டின் முதுகைப் போல நீளமாகக் கிடக்கும். காலையில் நீலமாகவும் உச்சி வெயிலில் சாம்பலாகவும் இருக்கும். சூரியன் அதன் நடுவிலிருந்து வருவதில்லை. கிழக்கே கண்மாய்க் கரையிலிருந்து வரும்.

"நல்லா இருக்கு. இத எங்க பாத்த?" என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் தெரசா கேட்பார். பதில் வராது. "சரி, காலையில வீட்டுல இருந்து பள்ளிக்கூடத்துக்கு நடந்து வந்தியே, வழியில என்ன பாத்த? அதப் போடு."

அவருடைய பாடம் பெரும்பாலும் இவ்வளவுதான். ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்லும் பிள்ளையைப் பார்க்க வைக்க ஒரு வருஷம் ஆகும், சிலருக்கு இரண்டு. எட்டாம் வகுப்புக்கு வரும்போது ரேஷன் கடை வரிசையில் ஆளுக்குப் பதிலாக இடம்பிடித்துக் கிடக்கும் செருப்புகள், பம்புசெட் ரூம் நிழலில் தூங்கும் நாய், மழையில் சாய்ந்து இன்னும் நிமிர்த்தப்படாத கரண்டுக் கம்பம் என்று நோட்டுகளின் கடைசிப் பக்கங்களில் வந்துவிடும். கடைசிப் பக்கங்களில்தான். ஓவிய நோட்டு என்று தனியாக எந்தப் பிள்ளையிடமும் கிடையாது.

தெரசாவின் வீடு ஆனையூரில். அப்பா ஞானமுத்து, சர்ச்சுகளில் சுரூபச் சிலைகளுக்கு வர்ணம் தீட்டுகிறவராக இருந்தார். மாதாவின் மேலாடைக்கு நீலம், அந்தோணியார் அங்கிக்குப் பழுப்பு, சூசையப்பர் கையிலிருக்கும் பூவுக்கு வெள்ளை என்று அந்த வேலையில் எல்லாம் முன்கூட்டியே முடிவானவை. சின்ன வயதில் ஒருமுறை, மாதாவுக்கு ஏன் எப்போதும் நீலமே அடிக்கிறீர்கள் என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறார். அடிக்காவிட்டால் அது மாதா என்று சனத்துக்கு எப்படித் தெரியும் என்றார் அப்பா. அந்தப் பதில் தெரசாவுக்கு அப்போது பிடிக்கவில்லை. வீட்டில் மிச்சமாகும் வர்ணங்களைக் கலந்து கலந்து பெயரில்லாத நிறங்களாக ஆக்கி, பின்சுவரில் பூசிப் பார்ப்பதுதான் பிடித்திருந்தது.

ஓவியத்தில் லோயர், ஹையர் தேர்வுகள் இரண்டும் தேறி, ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழும் வாங்கி, பல வருஷம் பைண்டிங் கடை, ஸ்டிக்கர் கடை என்று வேலை பார்த்த பிறகு, அரசுப் பள்ளிகளுக்குப் பகுதி நேர ஆசிரியர்களை எடுத்தபோது இந்தப் பள்ளிக்கு வந்தார். பகுதி நேரம் என்றால் வாரத்தில் மூன்று அரை நாள். தெரசாவுக்குப் புதன், வியாழன், வெள்ளி. காலை மணி அடிப்பதற்குள் வந்து மத்தியானச் சாப்பாட்டு மணியோடு போய்விட வேண்டும். மே மாதம் பள்ளிக்கூடம் இல்லாததால் அந்த மாதச் சம்பளமும் இல்லை. அந்த மாதம் அவர் அப்பாவின் பழைய வேலையைச் செய்வார். கணவர் மெர்வின் ஒரு மிஷன் பள்ளி அலுவலகத்தில் கிளார்க். பெரிய பேச்சில்லாத மனிதர். பேசினால் ஒரு வரி பேசுவார், அது பெரும்பாலும் சரியாக இருக்கும். அது தெரசாவுக்குப் பிடிப்பதில்லை.

ஓவிய ஆசிரியர் என்றால் பள்ளிக்கூடத்தில் பல வேலைகள் உண்டு. போர்டில் தினம் ஒரு நல்வாக்கு எழுதுவது, குடியரசு தினத்துக்குக் கொடிக்கம்பத்தைச் சுற்றிக் கோலம் போடுவது, அறிவியல் டீச்சருக்குச் சார்ட்டில் இதயம் வரைந்து கொடுப்பது, கழிப்பறைக் கதவில் மாணவியர் என்று எழுதுவது. அரையாண்டுப் பரீட்சை நெருங்கினால் ஓவிய வகுப்பைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்வார். கலை வகுப்புக்கென்று மேலிருந்து சில வருஷம் பணம் வந்தது, சில வருஷம் வரவில்லை. வந்த வருஷங்களிலும் அது கலை விழாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போன வேன் வாடகையாகவும் பேனராகவும் போனது. ஒரே ஒரு தடவை கலர் பென்சில் பெட்டிகள் வந்தன. பிள்ளைகள் தொலைத்துவிடும், அதிகாரி வந்தால் காட்ட வேண்டும் என்று தலைமை ஆசிரியை கனகலட்சுமி அவற்றைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். அவை இன்னும் சீவப்படாமல் அங்கேயே இருக்கின்றன.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம், கனகலட்சுமி மதுரையில் நடந்த கூட்டத்திலிருந்து திரும்பி வந்து தெரசாவைக் கூப்பிட்டார். இந்த வருஷம் மேலிருந்து பணம் வரவில்லை, வரும் என்று யாரும் சொல்லவும் இல்லை. இருக்கிற கொஞ்சத்தை, ஏதாவது செய்து காட்டுகிற பள்ளிகளுக்குத்தான் தருவோம் என்று அதிகாரி சொல்லியிருக்கிறார். பிப்ரவரி கடைசியில் நேரில் வருவார். அவருக்குத் திருப்தியானால் வருஷா வருஷம் கலர் வாங்கப் பணம் ஒதுக்கி எழுதிக் கொடுப்பார்.

"கண்ணுக்குத் தெரியுற மாதிரி ஏதாச்சும் செஞ்சு வைங்க டீச்சர். நோட்டோட கடைசிப் பக்கத்த நான் அவங்கட்டத் தூக்கிக் காட்ட முடியுமா?" என்றார் கனகலட்சுமி.

பிரேயர் மைதானத்தை ஒட்டிய சுற்றுச்சுவர் அந்த வருஷம்தான் பூசி முடித்து வெறுமையாக இருந்தது. அதில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து வரையலாம் என்று தெரசா உடனே சொன்னார். கலருக்கு என்ன செய்வது என்பதில் இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். கலர் வாங்கப் பணம் வேண்டுமானால் கலர் அடித்துக் காட்ட வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் மொக்கையன் உதவினார். மேலத்தெருக்காரர். சென்ட்ரிங் காண்ட்ராக்ட் எடுப்பவர், பள்ளி மேலாண்மைக் குழுவில் ஓர் உறுப்பினர். பொங்கலுக்கு அவர்கள் தெருச் சங்கம் வளைவு கட்டி வர்ணம் அடித்ததில் பெயிண்ட் மிச்சமிருந்தது. மூன்று டின்களை மொபெட்டில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்து ஆபீஸ் வாசலில் இறக்கினார். ஒன்று நீலம், ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை.

"வேற கலர் இருக்காண்ணே?" என்று தெரசா கேட்டார்.

"நான் என்ன டீச்சர் பெயிண்டுக் கடையா வச்சிருக்கேன்? இருக்குறதக் குடுத்தேன். எங்க தெருப் பேரு ஒரு எடத்துலயும் போட வேணாம், போதுமா?" என்று சிரித்துக்கொண்டே போனார். அவர் மனதில் வேறு ஏதும் இருந்ததாகத் தெரசாவுக்கு அன்றும் தோன்றவில்லை, பிறகும் தோன்றவில்லை.

ஆனால் நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் அது மேலத்தெரு என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் கொடி அது. திங்கட்கிழமை பிரேயரில் கனகலட்சுமி வரிசையாக நடந்து பையன்களின் மணிக்கட்டைப் பார்ப்பார்; அந்த இரண்டு நிறத்திலோ, கீழத்தெருவுக்கான, சிவப்பு சேர்ந்த வேறு இரண்டு நிறத்திலோ கயிறு கட்டியிருந்தால் கத்தரிக்கோலால் வெட்டுவார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் இரவில் யாரோ பஸ் ஸ்டாப் நிழற்குடைக்கு நீலமும் மஞ்சளும் அடித்துவிட்டார்கள். அதிலிருந்து கீழத்தெருச் சனம் அதற்குள் போவதில்லை. எதிர்ப்பக்கம் வேலிக்கருவை ஓரத்தில் வெயிலில் நின்று பஸ்ஸுக்குக் கைகாட்டுகிறார்கள்.

"கலரப் பாத்தீங்கள்ல?" என்று கனகலட்சுமி மெதுவாகக் கேட்டார்.

தெரசா பார்த்திருந்தார். டின்களைத் திறந்த நிமிஷத்திலேயே அவருக்கு ஒரு வழியும் தோன்றியிருந்தது. "தனித்தனியா அடிச்சாத்தான மேடம் அது அவங்க கலர்? ரெண்டையும் கலந்துட்டா பச்சை. வெள்ளை சேத்தா இளம்பச்சை. கரித்தூள் போட்டா பாசி. செங்கப்பொடி போட்டா மண்ணு. கலந்த கலருக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது."

"அப்ப ஒரு எடத்துல கூட தனி நீலமோ தனி மஞ்சளோ வரக் கூடாது."

"வராது மேடம்."

அன்று வீட்டில் இதைச் சொன்னபோது மெர்வின் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நீ அங்க வாரத்துல மூணு அரை நாள் இருக்க. அவங்க அங்கதான் இருக்காங்க" என்றார். தெரசாவுக்குக் கோபம் வந்தது. தன் கையிலிருந்த குழம்புக் கரண்டியைச் சட்டியிலேயே போட்டுவிட்டு எழுந்துபோனார்.

வேலை மூன்று வாரம் நடந்தது. காலையில் வழியில் பார்த்ததுதான் படம். சுவரைப் பங்கு பிரித்து இரண்டு இரண்டு பேருக்குக் கொடுத்தார். கழிப்பறைக்குப் பின்னால் கிடந்த உடைந்த செங்கல்லை இடித்துச் சலித்துப் பொடியாக்கினார்கள். பஸ் ஸ்டாப் பக்கம் இஸ்திரி வண்டிக்காரரிடம் கரித்துண்டு வாங்கி அரைத்தார்கள். கொட்டாங்குச்சிகளில் கலந்தார்கள். நீலத்தையும் மஞ்சளையும் சேர்த்தால் பச்சை வரும் என்று அந்தப் பிள்ளைகள் புத்தகத்தில் படித்திருந்தார்கள். குச்சியால் கிண்டும்போது அது கண்ணெதிரே வருவதை அப்போதுதான் பார்த்தார்கள்.

கலப்பதில் எல்லோரையும் மிஞ்சியவள் கீழத்தெருவிலிருந்து வரும் திவ்யா. அவளுக்கு நிறத்தைப் பற்றி ஒரு பிடிவாதம் இருந்தது. "இது நாத்தங்காலு பச்ச டீச்சர். நட்ட வயலுக்கு இது வராது. அது இன்னுங்கொஞ்சம் வெளிறி இருக்கும்" என்பாள். சொல்லிவிட்டு ஒரு சொட்டு வெள்ளையை விட்டுக் கிண்டுவாள். வரைவதில் கெட்டிக்காரி, அவளோடு ஒரே பெஞ்சில் உட்காரும் முத்துமீனா. மேலத்தெருக்காரி. அவள் வீட்டில் ஜல்லிக்கட்டு மாடு உண்டு. காலையில் வாசலில் இறங்கியதும் அவள் முதலில் பார்ப்பது அந்த மாட்டைத்தான் என்பதால் அதையே வரைந்தாள். மாடு மயிலை. எல்லா நிறமும் சேர்ந்துதான் அந்தச் சாம்பல் வரும். திமில் பக்கம் கறுத்தும் வயிற்றுப் பக்கம் வெளுத்தும் வர வேண்டிய அந்தச் சாம்பலைத் திவ்யா ஏழெட்டுக் கொட்டாங்குச்சிகளில் கலந்து கலந்து கொடுத்தாள். மூக்கணாங்கயிறு இழுத்ததில் மேலேறிய நாசியும், கழுத்துத் தொங்குசதையும், ஒரு காலை லேசாகத் தூக்கி வைத்திருக்கும் நிலையும் அந்தச் சுவரில் இருந்தன. சத்துணவுக்கூடத்து அம்மாள் அதன் முன்னால் நின்று, கிட்டப் போனால் முட்டிவிடும்போல இருக்கிறதே என்றார்.

சுவரில் எங்கும் தனி நீலம் இல்லை, தனி மஞ்சள் இல்லை. தெரசா ஒவ்வொரு நாளும் போகும் முன் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து பார்த்துவிட்டுப் போனார்.

கடைசி வெள்ளிக்கிழமை எல்லாம் முடிந்து, மாட்டின் கொம்புகள் மட்டும் வெறும் பூச்சாக நின்றன. சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. ஒன்றரை மணி பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு வெகுநேரம் நிற்க வேண்டும். தெரசா மண்ணெண்ணெயில் பிரஷ்களைக் கழுவி, டின்களை விளையாட்டுச் சாமான் அறையில் வைத்துவிட்டு வேகமாகக் கேட்டுக்கு நடந்தபோது முத்துமீனா பின்னாலேயே ஓடி வந்தாள்.

"டீச்சர், கொம்புக்கு என்ன கலரு?"

"உங்க மாட்டுக்கு எப்படி இருக்கோ அப்படி வையி" என்று சொல்லிவிட்டுத் தெரசா பஸ்ஸில் ஏறினார்.

கொம்பு என்றதும் அவர் மனதில் இருந்தது அடியில் சாம்பலும் நுனியில் கறுப்புமான கொம்பு. மாட்டுப் பொங்கலன்று அந்த ஊரில் மாடுகளுக்குக் கொம்பில் வர்ணம் பூசுவார்கள் என்பதும், அது பல மாதம் அழியாது என்பதும், மேலத்தெருவில் என்ன வர்ணம் பூசுவார்கள் என்பதும் அவருக்குத் தெரியாதவை அல்ல. அந்த நிமிஷத்தில் அவருக்கு பஸ் ஞாபகம் இருந்தது, அது ஞாபகம் வரவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் முத்துமீனா உடற்கல்வி ஆசிரியரிடம் டீச்சர் சொன்னார்கள் என்று சாவி வாங்கி, டின்களைத் திறந்து, தன் வீட்டு மாட்டுக்கு இருப்பது போலவே வைத்தாள். வலது கொம்புக்கு நீலம், இடது கொம்புக்கு மஞ்சள்.

செவ்வாய்க்கிழமை கீழத்தெருப் பிள்ளைகள் ஒருவர்கூடப் பள்ளிக்கு வரவில்லை. அவர்களுடைய தாய்மார்கள் வந்து பள்ளி கேட் அருகே நின்றார்கள். கனகலட்சுமி போன் செய்தார். அது தெரசாவின் நாள் இல்லை. ஆனாலும் உடனே கிளம்பி வந்தார்.

சுவருக்கு முன்னால் போய் நின்றபோது, தன்னுடைய மூன்று வாரப் பச்சைகளுக்கும் சாம்பல்களுக்கும் நடுவில் அந்த இரண்டு கொம்புகளைத் தவிர வேறெதுவும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து பார்த்தாலும் அவைதான் தெரியும். கலந்த நிறங்கள் எல்லாம் பின்னால் ஒதுங்கி அவற்றுக்கு இடம் விட்டுவிட்டன. ஓவியம் படித்த யாரும் முதல் வருஷத்திலேயே அறிந்துகொள்ளும் விஷயம் அது.

திவ்யாவின் அம்மா ராமக்காள் செங்கல் சூளையில் வேலை செய்பவர். மற்றவர்கள் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் சத்தம் போடவில்லை.

"படம் நல்லாத்தான் இருக்கு டீச்சர். எம்மக நாந்தான் கலரு கலந்தேன்னு வீட்டுல ஒரே பேச்சு. ஆனா ஒண்ணு கேக்குறேன். மொதல்ல அவங்க கொடிக்கம்பம். அப்புறம் கரண்டுக் கம்பம். அப்புறம் பஸ் ஸ்டாப்பு. வச்ச எடத்தையெல்லாம் விட்டுட்டு நாங்க ஒதுங்கி நிக்குறோம். இந்த கேட்டுக்குள்ள மட்டுந்தான் எம்புள்ள யாரு எவருன்னு இல்லாம நிக்குது. இங்கயும் வச்சுட்டா அது எங்க போயி நிக்கும்?"

தெரசா விளையாட்டுச் சாமான் அறையிலிருந்து டின்களை எடுத்து வந்து, ஒரு கொட்டாங்குச்சியில் சாம்பல் கலக்க ஆரம்பித்தார். அவசரத்தில் கரித்தூள் கூடுதலாக விழுந்தது. பக்கத்தில் முத்துமீனா நின்றிருந்தாள். அவளை யாரும் திட்டவில்லை. ஆனால் காலையிலிருந்து யாரும் அவளோடு பேசவும் இல்லை.

"நீங்கதான டீச்சர் எங்க மாட்டுக்கு இருக்குற மாதிரி வைக்கச் சொன்னீங்க."

"ஆமா. நாந்தான் சொன்னேன்."

"இப்ப என்ன கலரு வைக்கப் போறீங்க?"

"சாம்பல்."

"எங்க மாட்டுக்குச் சாம்பல் இல்லையே டீச்சர்" என்றாள் முத்துமீனா. அவள் எதிர்த்துப் பேசவில்லை. டீச்சர் தப்பாகப் பார்த்துவிட்டார் என்று நினைத்துத் திருத்திச் சொன்னாள்.

பிரஷ் சுவரைத் தொடுவதற்கு முன் மொக்கையன் வந்துவிட்டார். மொபெட்டை நிறுத்திவிட்டு, கீழத்தெருப் பெண்களைப் பார்க்காமல் தெரசாவிடம் மட்டும் பேசினார். "கலரு குடுத்தது நானு. அத நான் பேச வரல. அந்தக் கொம்ப மட்டும் அழிச்சீங்கன்னா, நாளைக்கு எங்க தெருப் புள்ளைக எப்படி டீச்சர் தலையத் தூக்கிக்கிட்டு உள்ள வரும்? அழிக்கணும்னா மொத்தத்தையும் அழிங்க. எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

"மொத்தத்தையும் அழிச்சா எங்களுக்கும் ஒரு வருத்தமும் இல்ல" என்றார் ராமக்காள், அவரைப் பார்க்காமலேயே.

இரண்டு தெருவும் ஒரே வார்த்தையைச் சொல்லி அந்த மைதானத்தில் யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. கனகலட்சுமி அதை நழுவவிடவில்லை. இப்போதே வெள்ளை அடித்துவிடுவோம் என்றார். தெரசா அவரிடம் தனியாக, கொம்பை மட்டும் கரும்பச்சை இலைகளால் மறைத்துவிடலாம், மாடு மரத்தடியில் நிற்பதுபோல ஆக்கிவிடலாம், ஒரு நாள் கொடுங்கள் என்று கெஞ்சினார். கனகலட்சுமிக்கு ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம்தான் இருந்தது. இலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று இனி இந்த ஊருக்கே தெரியும் டீச்சர் என்று மட்டும் சொன்னார்.

வெள்ளை அடித்தது தெரசாவும் உடற்கல்வி ஆசிரியரும். "வெள்ளை யாரு கலருன்னு இன்னும் யாரும் முடிவு பண்ணல. அது வரைக்கும் சந்தோசம்" என்று உடற்கல்வி ஆசிரியர் முணுமுணுத்தார். முதல் பூச்சில் கண்மாய், வயல், பம்புசெட் எல்லாம் மூடுபனிக்குள் போனதுபோல மங்கின. இரண்டாவது பூச்சில் அவை மறைந்தன. நீலக் கொம்பு மட்டும் வெள்ளைக்குள் ஊறி ஊறி மேலே வந்தது. வெள்ளை தீர்ந்துவிட்டது. மொக்கையனே இன்னொரு டின் வெள்ளையை வாங்கி அனுப்பினார். அதை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

அன்று இரவு வீட்டில் தெரசா கேட்டார், பார்த்ததை வரையச் சொன்னது தப்பா என்று.

"சொன்னது தப்பில்ல. சொல்லிட்டு பஸ் ஏறுனதுதான்" என்றார் மெர்வின். பிறகு, "ஏறாம என்ன செய்வ, அதுக்கு மேல அங்க உனக்கு நேரம் கெடையாதே" என்றும் சொன்னார். இந்த முறை தெரசாவுக்குக் கோபம் வரவில்லை.

புதன்கிழமை கீழத்தெருப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். எட்டாம் வகுப்பில் யாரும் சொல்லாமலேயே இடங்கள் மாறியிருந்தன. திவ்யா இரண்டாவது பெஞ்சில் இருந்தாள். முத்துமீனா ஜன்னலோரமாகக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். தெரசா வழக்கம்போல, காலையில் வரும்போது பார்த்ததைப் போடுங்கள் என்றார்.

பென்சில்கள் வழக்கத்தைவிட வேகமாக ஓடின. யாரும் யோசிக்கவில்லை, யாரும் ரப்பர் கேட்கவில்லை. தெரசா பெஞ்சுகளுக்கு இடையில் நடந்தார். முதல் நோட்டில் இரண்டு முக்கோண மலைகள், நடுவில் பாதிச் சூரியன், வளைந்து வரும் ஆறு. அடுத்த நோட்டிலும் அதுவே. அதற்கடுத்ததிலும் அதுவே. நாற்று வயலின் பச்சைக்கும் நட்ட வயலின் பச்சைக்கும் வித்தியாசம் சொன்ன திவ்யாவின் நோட்டிலும் ஓட்டு வீடும் ஒரு தென்னையும் இருந்தன.

"இத எங்க பாத்த?" என்று கேட்டார்.

"புக்குல டீச்சர்" என்றாள் திவ்யா.

மாதக் கடைசியில் அதிகாரி வந்தார். வெள்ளைச் சுவரை அவர் ஒரு தடவை பார்த்தார். ஓவிய வகுப்பில் என்ன நடக்கிறது என்று கேட்டபோது, வேறு வழியில்லாமல் கனகலட்சுமி எட்டாம் வகுப்பு நோட்டுகளைக் கொண்டுவரச் சொன்னார். அதிகாரி கடைசிப் பக்கங்களைப் புரட்டினார். அவர் முகம் தெளிந்தது. எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுபோல வரைந்திருக்கிறார்களே, நல்ல பயிற்சி என்றார். சுவர் வெறிச்சென்று இருக்கிறது, இதையே அதில் போட்டால் என்ன, கலருக்கு எழுதிக் கொடுக்கிறேன், அடுத்த வருஷமும் தரச் சொல்கிறேன் என்றார். சொன்னபடியே எழுதியும் கொடுத்தார்.

கனகலட்சுமி தெரசாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "கேட்டது கெடைச்சிருச்சு டீச்சர். ஆளும் இல்ல, மாடும் இல்ல. ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

தெரசா இந்தப் பள்ளிக்கு வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது கலர்தான். அது வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொன்னால் அடுத்து எப்போது வரும் என்று தெரியாது. கலர் இருந்தால் பிறகு ஒரு நாள் இந்தப் பிள்ளைகளை மறுபடி ஜன்னல் பக்கம் திருப்பிவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மறுநாள் முதல் பீரியடில் எட்டாம் வகுப்பிடம் விஷயத்தைச் சொன்னார். இந்த முறை மிச்சம் மீதியில்லை, கடையிலிருந்து புதிதாக வருகிறது, என்னென்ன நிறம் வாங்கலாம், சொல்லுங்கள் என்றார். பிள்ளைகளின் முகத்தில் பழைய வெளிச்சம் கொஞ்சம் வந்தது. திவ்யா எழுந்துவிட்டாள்.

"மலைக்கு நீலம் டீச்சர். சூரியனுக்கு மஞ்ச..."

சொல்ல வந்ததை முடிக்காமல் அப்படியே உட்கார்ந்தாள். அந்தப் படத்தில் இருப்பதும் அதே இரண்டு நிறம்தான் என்பதை அதிகாரி கவனித்திருக்கவில்லை. கனகலட்சுமியும் தெரசாவும்கூடக் கவனித்திருக்கவில்லை. சூரியனைச் சிவப்பாக வைக்கலாம் என்று ஒரு பிள்ளை சொன்னது. சிவப்பு வேண்டாம் என்று இன்னொன்று உடனே சொன்னது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

தெரசா வடக்கு ஜன்னலைப் பார்த்தார். காலை வெயில் இன்னும் ஏறவில்லை. சிறுமலை முழுநீளத்துக்கும் நீலமாகக் கிடந்தது.

"அந்தா, மலையப் பாருங்க. பாத்துட்டு என்ன கலர்ல இருக்குன்னு சொல்லுங்க" என்றார்.

யாரும் திரும்பவில்லை. ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த முத்துமீனா, குனிந்து தன் நோட்டில் முக்கோணத்துக்குள் பென்சிலால் நிரப்பிக்கொண்டே சொன்னாள்.

"பிரவுன் டீச்சர்."

தெரசா சாக்பீஸை எடுத்து, பலகையில் வாங்க வேண்டிய முதல் நிறமாக அதை எழுதினார்.